சிவப்பு ஒயரின் மூன்று சுற்று

அவளை அக்கா என்று அழைத்தது தம்பி மட்டும் இல்லை. டிரான்ஸ்பார்மர் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் நான்கு மாதம் செம்புக் கம்பி சுற்றினாள். அங்கே அவளைவிட மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். சுற்று எண்ணும் கருவி பழுதான நாட்களில் மேலாளர் அவள் மேசைக்குத்தான் வேலையை அனுப்புவார். ஆயிரம் சுற்று என்றால் ஆயிரம். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் இடது கையில் ஒரு விரலை உயர்த்துவாள். "வாயை மூடு, அறுநூற்று நாற்பது" என்று அதற்குப் பொருள். கல்யாணம் அமையவில்லை, அதற்காக அவள் வருத்தப்பட்டதை யாரும் பார்த்ததில்லை. ஐம்பத்தெட்டு வயதில் வேலையிலிருந்து நின்றபின், ஜன்னலோர மேசையில் அக்கம்பக்கத்தாரின் சார்ஜர், மின்விசிறி, ஸ்டெபிலைசர் என்று பிரித்துப் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தாள்.

அந்த நிம்மதியைக் கெடுப்பதற்கென்றே பிறந்தவன் தம்பி.

தம்பி தச்சன். அவளுக்கு ஏழு வயது இளையவன். ஊரின் இன்னொரு கோடியில், இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் அவன் வீடு. வீட்டின் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறை. அலமாரி, மேசை, கதவு எல்லாம் செய்வான். அவன் செய்த இழுப்பறையை உள்ளே தள்ளினால் கடைசி விரற்கடையில் காற்று மெல்ல முனகிக்கொண்டு வெளியேறும். இடைவெளி அவ்வளவு குறைவு. அவன் பட்டறையில் ஆணிகூட நீளவாரியாகத்தான் படுத்திருக்கும். ஒரு கயிறு கோணலாகத் தொங்கினால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது. இத்தனை சுத்தக்காரன், ஒன்றரை வருடமாக மரத்தூளை மூக்காலும் வாயாலும் உள்ளே வாங்கி இருமிக்கொண்டிருந்தான்.

மார்ச் நான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, தம்பி மனைவி அவனை நெஞ்சு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர்; அதற்காக அரைநாள் விடுப்பு எடுத்திருந்தாள். அக்காவும் கூடப் போனாள். ஏனென்றால் தம்பி டாக்டர் முன்னால் பொய் சொல்லுவான். அதை மறுக்க ஒருவர் போதாது.

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். குழாயின் முதுகில் சின்ன முள் ஒன்று நகரும். மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்பதை அது எண்ணாகக் காட்டும். மூன்று தடவை ஊத வேண்டும். மூன்றில் பெரியதுதான் கணக்கு. 280, 270, 290.

"மாஸ்க் போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"போடுறேன் சார்."

"நெத்தியில போடுறார்," என்றாள் மனைவி.

"மூக்குல போட்டா கண்ணாடியில ஆவி படியுது சார். அளவு தெரிய மாட்டேங்குது."

"தூசி இழுக்கற மெஷின் இருக்கா?"

"பெருசா இருக்கு சார். நல்ல மெஷின்."

"ஓட்டுறீங்களா?"

தம்பி சுவரில் மாட்டியிருந்த நுரையீரல் படத்தைப் பார்த்தான்.

"அதுமேல துண்டு காயப்போடுறான்," என்றாள் அக்கா.

டாக்டர் குழாயை வாங்கி மேசைமேல் வைத்தார். "இங்க பாருங்க. சரியா மூணு மாசம், ஜூன் மூணாம் தேதி வாங்க. இந்த முள் முன்னூத்தி முப்பதைத் தொடணும். தொடலேன்னா ரம்பத்தை வித்துட்டு வேற தொழில் பாத்துக்குங்க. அதுக்கு மேல நான் மருந்து எழுதி ஒண்ணும் ஆகப்போறதில்ல."

வெளியே வந்ததும் தம்பி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். "வேற தொழில்னா என்ன தொழில்? பதினாலு வயசுலேர்ந்து இதத்தான் தொட்டிருக்கேன்," என்றான். அவன் குரல் வேடிக்கையாக இல்லை. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. தம்பி வாயாடும்போது அவளுக்கு எரிச்சல் வரும். வாயடைத்துப் போனால் அதைவிட எரிச்சல் வரும்.

"அந்த மெஷினை ஓட்டித் தொலைச்சா என்னடா?"

"எப்பிடி ஓட்டுறது? அது ஒரு மூலையில இருக்கு, ரம்பம் ஒரு மூலையில இருக்கு. பதினோரு அடி நடக்கணும். ஒரு வெட்டு நாலு செகண்டு. ஒரு நாளைக்கு இருநூறு வெட்டு. ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் அதைப் போட்டு, ஓடிவந்து இதைப் போட்டு... நான் தச்சனா, தபால்காரனா?"

"நாள் முழுக்க ஓட விடு."

"மோட்டார் கொதிக்குது. சத்தம் வேற, ரேடியோ கேக்காது."

"ரேடியோவா?" என்றாள் அக்கா. "நெஞ்சு போகுதுன்றார் டாக்டர், இவனுக்கு ரேடியோ கேக்கலையாம்!"

வீடு திரும்பும் பஸ்ஸில் அவளுக்கு விடை கிடைத்தது. விடை அப்படி ஒன்றும் பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ரம்பம் ஓடும்போது அதன் ஒயரில் கரண்ட் போகிறது, நின்றால் போவதில்லை. அந்தக் கரண்டை மோப்பம் பிடித்து இன்னொரு சுவிட்சைத் தட்டிவிட ஒரு சர்க்யூட் செய்தால், தம்பி பதினோரு அடியும் நடக்க வேண்டாம், மூளையையும் செலவழிக்க வேண்டாம். மூளை விஷயம்தான் அவளுக்கு முக்கியமாகப் பட்டது.

பழைய ஸ்டெபிலைசர் ஒன்றிலிருந்து வளையல் அளவுள்ள இரும்பு வளையத்தை எடுத்தாள். அதன்மேல் தலைமுடி கனத்தில் செம்புக் கம்பியை ஆயிரம் சுற்று சுற்றினாள். அதற்கு இரண்டு மாலைப்பொழுது ஆனது. நடுவில் பக்கத்து வீட்டுக்காரி வந்து எதையோ கேட்டாள். அக்கா ஒரு விரலை உயர்த்த, அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். ரம்பத்துக்குப் போகும் ஒயர் இந்த வளையத்தின் நடுவே நுழைந்து போகும். அதில் கரண்ட் ஓடினால், அந்த ஒயரைத் தொடாமலே, செம்புச் சுற்றில் கொஞ்சம் கரண்ட் பிறக்கும். அந்தக் கொஞ்சத்தை ஒரு ரெசிஸ்டர் பிடித்து வோல்டேஜ் ஆக்கும், டையோடு ஒருவழிப்படுத்தும், டிரான்ஸிஸ்டர் பெருக்கும், கடைசியில் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் "டக்" என்று விழுந்து தூசி மெஷினுக்கு மின்சாரம் விடும். ரம்பம் நின்ற பின்னும் குழாயில் மிச்சம் இருக்கும் தூளை இழுக்க மெஷின் ஏழு செகண்டு கூடுதலாக ஓட வேண்டும் என்று முடிவு செய்தாள். அந்த நேரத்தைப் பிடித்துவைக்கப் போட்ட முதல் கெப்பாசிட்டர் பத்தொன்பது செகண்டு ஓட்டியது. அடுத்தது நான்கு. மூன்றாவது ஏழு.

ரம்பத்தைச் செருகப்போகும் நீள ஒயர் ஒரே தடவை வளையத்துக்குள் போனால் கிடைக்கும் வோல்டேஜ் டிரான்ஸிஸ்டரை எழுப்பப் போதவில்லை. எனவே ஒயரின் வெளித்தோலைக் கீறி, உள்ளே இருக்கும் இரண்டில் சிவப்பை மட்டும் வெளியே இழுத்து, வளையத்துக்குள் மூன்று சுற்று விட்டாள். கறுப்பு ஒயர் வளையத்துக்கு வெளியே தனியாகப் போனது. பார்க்க அழகாக இல்லை. வயிறு கிழிந்த மீன்போல ஒரு பக்கம் சிவப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் மூடி உடைந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து ரப்பர் பேண்டு போட்டாள்.

மார்ச் பதினைந்து, சனிக்கிழமை, டப்பாவோடு பட்டறைக்குப் போனாள். தம்பி டப்பாவை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான்.

"இத என் பட்டறையில மாட்டணுமா?"

"ஆமா. உன் நெஞ்சுல மாட்ட இடமில்ல."

டப்பாவிலிருந்து கிளம்பிய அந்த நீள ஒயரின் முனையில் இருந்த பிளக் பெட்டியில் ரம்பத்தையும் தூசி மெஷினையும் செருகினாள். தம்பி ரம்பத்தைப் போட்டான். டக். தூசி மெஷின் உறுமியது. தம்பி மனைவி கைதட்டினாள். ரம்பத்தை நிறுத்தினார்கள். ஏழு செகண்டு ஆனது. பதினைந்து ஆனது. ஒரு நிமிடம் ஆனது. தூசி மெஷின் நிற்கவில்லை.

தம்பி கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "உன்ன மாதிரியேதான் செஞ்சிருக்கக்கா. ஆரம்பிச்சா நிறுத்தாது."

அக்கா பிளக்கைப் பிடுங்கினாள். தப்பு எங்கே என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது, அதுதான் அவமானம். இரண்டு மெஷினையும் வளையத்தைத் தாண்டிய ஒரே பெட்டியில் செருகியிருந்தாள். தூசி மெஷின் ஓடத் தொடங்கியதும் அதன் கரண்டும் வளையத்தின் வழியேதான் போகிறது. ரம்பம் நின்றாலும் வளையம் "இன்னும் யாரோ ஓடுகிறார்கள்" என்று ரிலேயைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொண்டு ஓடும் மெஷின். இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் செய்யும் தப்பா இது? திரும்பும் வழியில் முதல் பஸ்ஸில் தம்பியைத் திட்டினாள், இரண்டாவது பஸ்ஸில் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

அடுத்த சனி, மார்ச் இருபத்திரண்டு, தூசி மெஷினுக்கு வளையத்துக்கு முன்னாலிருந்தே தனி ஒயர் இழுத்துக் கொண்டுபோனாள். ரம்பம் ஓடியது, டக், மெஷின் உறுமியது. ரம்பம் நின்றது, ஏழு எண்ணியதும் மெஷினும் நின்றது. இருபது தடவை போட்டுப் பார்த்தாள். இருபதும் சரி.

தம்பிக்கு உள்ளூர ஆச்சரியம்தான். "இதுக்கு எப்பிடிக்கா தெரியுது, எப்ப ஓடணும்னு?"

அக்காவுக்கு அப்போது பசி, களைப்பு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "அதெல்லாம் அதுக்குத் தானாத் தெரியும். நீ ஒண்ணும் செய்யாத. எதையும் தொடாத. அதான் நீ எனக்குச் செய்யுற பெரிய உதவி," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

தம்பி மனைவி டாக்டர் வைத்திருந்ததுபோலவே ஒரு குழாயை வாங்கியிருந்தாள். சனிக்கிழமை தோறும் காலை ஏழு மணிக்குப் புருஷனை ஊதவைத்து, எண்ணை அக்காவுக்குப் போனில் சொல்லுவாள். அக்கா அதைத் தேதியோடு ஒரு தாளில் குறித்துக்கொள்வாள். மார்ச் இருபத்தொன்பதாம் தேதி முந்நூறு வந்தது. ஒரே வாரத்தில் பத்து ஏறிவிட்டது என்று இருவரும் போனிலேயே சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு எண் ஏறவில்லை. ஏப்ரல் ஐந்தில் 290. பன்னிரண்டில் 280. பத்தொன்பதிலும் 280. இருபத்தாறில் 290.

"மெஷின் ஓடுதாம்மா?" என்று போனில் கேட்டாள் அக்கா.

"நான் காலையில ஒன்பதுக்குப் போயிட்டு நாலு மணிக்கு வரேன் அண்ணி. அதுக்குள்ள ரம்ப வேலையை முடிச்சிடறார். கேட்டா, எல்லாம் நல்லா இருக்குன்றார்."

"நல்லா இருக்குன்னு அவன் சொன்னா நல்லா இல்லைன்னு அர்த்தம்."

அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகத்தின் பெயர் ரேடியோ. பட்டறையின் ஜன்னல் பக்கத்தில் இன்னொரு பிளக் உண்டு. ரேடியோ அதில்தான் ஓடும். ரம்பத்தை அந்தப் பிளக்குக்கு மாற்றிவிட்டால் வளையத்துக்கு ஒன்றும் தெரியாது. தூசி மெஷினும் வாயைத் திறக்காது. பாட்டுத் தெளிவாகக் கேட்கும். தம்பியின் புத்தி அப்படித்தான் போகும். சின்ன வயதில் கசப்பு மருந்தை வாயில் வைத்திருந்து பூந்தொட்டியில் துப்பியவன். அந்தச் செடி செத்தே போனது.

எத்தனை மணி ஓடியது என்று காட்டும் மீட்டர் ஒன்று, பழைய ஜெனரேட்டரிலிருந்து கழற்றியது, அக்காவின் பெட்டியில் கிடந்தது. ஏப்ரல் முப்பதாம் தேதி, தம்பி மரம் வாங்கப் போயிருந்த நேரத்தில், தம்பி மனைவி கதவைத் திறந்துவிட்டாள். அன்று அவளுக்குத் தலைவலி என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியிருந்தாள். தூசி மெஷினின் பின்புறம், யார் கண்ணிலும் படாத இடத்தில், மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பி மாட்டினார்கள்.

சர்க்யூட்டைப் பார்க்க அக்கா திரும்பினாள். பிளாஸ்டிக் டப்பா காணோம். அந்த இடத்தில் தேக்குப் பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. மூலைகள் விரல்கோத்ததுபோல் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன. மூடி எங்கே, திருகு எங்கே என்றே தெரியவில்லை.

"இது எப்போ?"

"நீங்க வந்துட்டுப் போன அடுத்த வாரமே அண்ணி. டப்பாவைப் பாத்தா வேலை ஓடலன்னு ரெண்டு நாள் உக்காந்து செஞ்சார்."

அக்கா பெட்டியைத் தடவிப் பார்த்தாள். நல்ல வேலை. அதை அவனிடம் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள். பெட்டியைத் திறக்கவோ ரம்பத்தைப் போட்டுப் பார்க்கவோ நேரம் இல்லை. தம்பி எந்த நிமிடமும் வரலாம். தூசி மெஷினை மட்டும் நேராக ஜன்னல் பிளக்கில் செருகி ஆறு நிமிடம் ஓடவிட்டு, மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி பழைய இடத்தில் செருகினாள். பூஜ்யம் புள்ளி ஒன்று காட்டியது. சரி.

மே ஏழாம் தேதி காலை எட்டு மணிக்குப் போன் வந்தது.

"அண்ணி, பூஜ்யம் புள்ளி ஒண்ணு."

"சரியாப் பாரும்மா."

"கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாத்தேன். பூஜ்யம் புள்ளி ஒண்ணுதான். ஒரு வாரமா ஒரு அலமாரி முழுக்க அறுத்திருக்கார்."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு பஸ்ஸிலும் உட்கார இடம் இருந்தது, அவள் உட்காரவில்லை. தம்பி மனைவி வேலைக்குப் போவதைத் தள்ளிப்போட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள். அவள் பின்தொடர, அக்கா நேராகப் பட்டறைக்குள் போய், ரேடியோவை அணைத்தாள்.

"ஏன்டா, நான் என்ன வேலையத்தவளா?"

தம்பி இழைப்புளியோடு நிமிர்ந்தான். மாஸ்க் நெற்றியில் இருந்தது. "வாக்கா. என்ன திடீர்னு?"

"ரம்பத்தை எந்தப் பிளக்குல போடுற?"

"நீ சொன்ன பிளக்குலதான்."

"பொய் சொல்லாத. ஜன்னல் பிளக்குல போட்டுட்டுப் பாட்டுக் கேட்டுக்கிட்டிருக்க. ஒரு வாரமா அந்த மெஷின் ஒரு நிமிஷம்கூட ஓடல. மீட்டர் வச்சிருக்கேன், தெரியுமா?"

"மீட்டரா? எனக்கு மீட்டர் வச்சியா?" தம்பி தன் மனைவியைப் பார்த்தான். அவள் அலமாரியின் தாழ்ப்பாளை ஆராய்ந்தாள். "ரெண்டு பேரும் சேந்து எனக்கு மீட்டர் வச்சீங்களா? நான் என்ன ஆட்டோவா?"

"பேச்ச மாத்தாத. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இருபத்தேழு நாள்தான் இருக்கு!"

"நீயே பாரு!" தம்பி கோபமாக ரம்பத்தின் ஒயரைப் பிடித்து, கைவைத்துக் கைவைத்து, அது போய்ச் சேரும் இடத்தைக் காட்டினான். தேக்குப் பெட்டி. ஜன்னல் பிளக்கில் ரேடியோ மட்டும்தான் இருந்தது. ரம்பத்தை முடுக்கினான். ரம்பம் அலறியது. ஒரு துண்டுப் பலகையை அறுத்தான். தூள் பறந்து அக்காவின் புடவையில் இறங்கியது. தூசி மெஷின் அசையவில்லை.

ரம்பம் நின்றது. "பாத்தியா? நான் எதையும் மாத்தல," என்றான் தம்பி.

"மெஷின் வரலையேடா!"

"வராது. இதுல தூசி கம்மி."

அக்காவுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. "என்ன சொன்ன?"

"தூசி கம்மியா இருந்தா வராது. நெஞ்சுக்குள்ள போற மாதிரித் தூசி வந்தாத்தான் அது வரும். நீதானே சொன்ன, அதுக்குத் தானாத் தெரியும்னு?"

தம்பி மனைவி மெதுவாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒரு வாரமா," என்றாள் அக்கா, ஒவ்வொரு சொல்லாக, "ஒரு தடவைகூட அது வரல. உனக்கு ஒண்ணும் தோணல?"

"தோணுச்சு. மொத வாரம் எல்லாத்துக்கும் வந்துச்சு. அப்புறம் வரல. இப்ப நல்ல மரமா வாங்குறோம், கெட்ட தூசி இல்ல போலன்னு நெனச்சேன். சந்தோஷமாக்கூட இருந்துச்சு."

"இருமிக்கிட்டே சந்தோஷப்பட்டியா?"

"அது பழைய தூசின்னு நெனச்சேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். தம்பி அடிப்பலகையை ஒரு விரலால் அழுத்தி நகர்த்த, முன்பக்கம் சத்தமில்லாமல் கீழே இறங்கியது. உள்ளே எல்லாம் கோயில் கர்ப்பக்கிரகம்போல் ஒழுங்காக இருந்தது. ரிலே நடுவில். ரெசிஸ்டர்கள் வரிசையில். வளையம் சின்ன மரத்தாங்கியில் நிமிர்ந்து நின்றது. துருத்திக்கொண்டிருந்த சிவப்பு வயிறு காணோம். சிவப்பும் கறுப்பும் மறுபடி ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, மெழுகு நூலால் கட்டப்பட்டு, நேர்கோடாக வளையத்தின் நடுவே நுழைந்து மறுபக்கம் வந்தன.

"இத யாரு இப்பிடிப் பண்ணினது?"

"நான்தான். நீ எதையும் தொடாதன்னு சொன்ன, நான் ஒரு பார்ட்டையும் தொடல. இந்த ஒயர் மட்டும் குடல் சரிஞ்ச மாதிரித் தொங்கிச்சு. சேத்து நேரா விட்டேன். என்ன, வளையத்துக்குள்ளதானே போகணும்? போகுதே!"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். தொழிற்சாலையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இருபத்தாறு வருடத்தில் செய்த தப்புகள் அவளுக்கு அத்தனையும் தெரியும். இதை யாரும் செய்ததில்லை. அசட்டையாக வேலை செய்கிறவனுக்கு இந்தத் தப்பு வராது. ஒழுங்காக வேலை செய்கிறவனுக்குத்தான் வரும்.

"இங்க பாரு," என்றாள். "வளையம் ஒரு வாட்ச்மேன் மாதிரி. சிவப்புல கரண்ட் உள்ள போகுது, கறுப்புல திரும்பி வருது. சிவப்பு மட்டும் அவன் முன்னால போனா, ஆள் போறான்னு எழுந்திரிப்பான். போறவனையும் வர்றவனையும் ஒண்ணாக் கட்டி ஒரே வாசல்ல விட்டா, ஒண்ணுக்கு ஒண்ணு கழிஞ்சு கணக்கு பூஜ்யம். அவன் பாட்டுக்குத் தூங்குவான். மார்ச் கடைசியிலேர்ந்து முப்பத்தொன்பது நாளாத் தூங்கியிருக்கான்."

தம்பி வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப அதுக்குத் தூசி தெரியாதா?"

"தூசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லடா!"

"அப்ப இத்தன நாளும் எல்லாம் உள்ளதான் போச்சா?" அவன் கை தானாக நெஞ்சுக்குப் போனது.

"ஏன்டா, வரலேன்னு ஒரு போன் பண்ணிக் கேக்கக்கூடாதா? ஒரே ஒரு போன்!"

"நீ செஞ்சது தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லக்கா," என்றான் தம்பி.

அவன் இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. அக்கா பஸ் ஏறியதிலிருந்து சேர்த்துவைத்திருந்த வசவுகள் ஒன்பதோ பத்தோ மிச்சம் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கும் இப்போது இடம் இல்லை. அவன் சொன்ன பொய் எதுவும் இல்லை. அவன்மேல் அவள்தான் மீட்டர் வைத்திருந்தாள். அந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், "அந்தக் கத்திரிய எடு," என்று மட்டும் அதட்டினாள்.

மெழுகு நூலை வெட்டினாள். சிவப்பை இழுத்து மறுபடி மூன்று சுற்று விட்டாள். தம்பி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பெட்டியின் முன்பக்கம் மூடவில்லை, ஒயர் இடித்தது. "மூடாம இருக்கட்டும். தினமும் உன் கண்ணுல படணும்," என்றாள். ரம்பம் போட்டதும் டக் என்று ரிலே விழ, தூசி மெஷின் உறுமியது. அதன்மேல் காயப்போட்டிருந்த துண்டு பறந்து ஓரமாக விழுந்தது. தம்பி நெற்றியிலிருந்த மாஸ்க்கை, யாரும் சொல்லாமலே, மூக்குக்கு இறக்கினான்.

மே மூன்றில் 280 ஆக இருந்தது, பத்தில் 290. பதினேழில் 300. இருபத்து நான்கில் 310. முப்பத்தொன்றில் 310. மீட்டர் அதற்குள் பதினொன்று புள்ளி நான்கு மணி ஓடியிருந்தது. கடைசிச் சனிக்கிழமை எண் நகரவில்லை என்றதும் தம்பி அன்று முழுக்க ரம்பத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான் என்று தம்பி மனைவி சொன்னாள். அக்கா இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. அதற்கும் தம்பியைத்தான் திட்டினாள்.

ஜூன் மூன்று, செவ்வாய்க்கிழமை. டாக்டர் குழாயை நீட்டினார்.

முதல் ஊதல் 310. இரண்டாவது 320. மூன்றாவதற்குத் தம்பி எழுந்து நின்று, முகம் சிவக்க, கண்ணில் நீர் வர ஊதினான். 320.

டாக்டர் முள்ளைத் திருப்பி அடியில் விட்டார். "முன்னூத்தி முப்பது சொல்லியிருந்தேன்." பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சார்." அக்கா கைப்பையிலிருந்து தாளை எடுத்து அவர் பேனாவுக்கும் சீட்டுக்கும் நடுவில் வைத்தாள். சனிக்கிழமைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, எதிரே எண், அதற்கெதிரே மெஷின் ஓடியதா இல்லையா என்று.

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரல் மெதுவாகக் கீழே இறங்கியது, ஓரிடத்தில் நின்றது. "மார்ச் கடைசியில ஒரு முன்னூறு இருக்கே?"

"அது வரைக்கும் மெஷின் ஓடுச்சு சார்."

"அப்புறம் ஏன் ஓடல?"

"அப்புறம் இவன் அதை அழகு பண்ணினான்."

தம்பி நுரையீரல் படத்தைப் பார்த்தான்.

டாக்டர் தாளை இன்னொரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "மெஷின் ஓடின நாலு வாரத்துல முப்பது, நாப்பது ஏறியிருக்கு. ஓடாத வாரத்துல இறங்கியிருக்கு. அப்ப இவர் நெஞ்சுல கோளாறு நிலைச்சிடல. தூசிதான்." பேனாவின் மூடியைப் போட்டார். "இன்னும் மூணு மாசம் பாப்போம். ரம்பம் இருக்கட்டும். அந்த மெஷின் இல்லாம ஒரு வெட்டுக்கூட வெட்டக்கூடாது. மாஸ்க் மூக்குல. இந்தத் தாளை அடுத்த தடவையும் எடுத்துட்டு வாங்க."

வெளியே வந்ததும் தம்பி அதே படிக்கட்டில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலரில் ஒட்டியிருந்த ஒரு சுருள் மரச்சீவலை எடுத்துப் போட்டாள். அக்கா உட்காரவில்லை, பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா."

"என்ன?"

"ஒண்ணு கேட்டாத் திட்டக்கூடாது."

"திட்டுவேன். கேளு."

"அந்த மெஷின் வந்தாப் பாட்டே கேக்க மாட்டேங்குது. ரம்பம் ஓடுதுன்னு அந்த வளையத்துக்குத் தெரியுதில்ல? அப்ப, அதே சமயத்துல ரேடியோ சத்தத்தையும் தானா ஏத்தி விடச் சொல்ல முடியாதா?"

"வாய மூடு," என்றாள் அக்கா. "அந்த மூச்சச் சேத்து வை. முன்னூத்தி முப்பதுக்கு இன்னும் பத்து குறையுது."

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இவனுக்கு நெஞ்சு மிஞ்சியதே பெரிய காரியம், இதில் பாட்டு வேறு என்று முதல் பஸ் முழுக்கப் பொருமிக்கொண்டு வந்தாள். இரண்டாவது பஸ்ஸில் ஏறியபோது, கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, டிக்கெட்டின் பின்புறம் ஒரு கோடு இழுத்தாள். அந்த ரிலேயில் ஒரு ஜோடி முனை எதற்கும் பயன்படாமல் சும்மாத்தான் இருந்தது.